கவுன்சிலர் பதவிக்கு நிற்க எண்ணும் மகளுக்கு

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதும் மடல்.

தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குச் சேர்ந்த கையோடு மாணவர் சங்கத் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு நிற்கலாமா என்று கேட்பவருக்கு, தாராளமாக நிற்கலாம் என்பதே விடை. ஆனால் எந்த அணியின் சார்பில் நிற்பது என்று யோசிப்பதற்கு முன்பாக, அச்சங்கத்தின் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலர், இணைச் செயலர் ஆகிய நால்வரையும் வளாக மாணவர் அனைவரும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இவர்களைச் சேர்த்து ‘சென்ட்ரல் பேனல்’ என்பர். பல துறைகளை உள்ளடக்கிய புலத்திற்கு அங்கே ‘ஸ்கூல்’ என்று பெயர்; ஒவ்வொரு ஸ்கூலும் தன் மாணவர் தொகைக்கேற்பக் கவுன்சிலர்களை அனுப்ப, அவர்களும் நால்வரும் கூடியதே மன்றம் ஆகிறது. இம்மன்றத்திற்கும் மேலே ‘ஜி.பி.எம்.’ எனப்படும் பொதுக்குழு, அதாவது சாதாரண மாணவரும் எழுந்து கேள்வி கேட்டுத் தீர்மானத்தின் மீது கைதூக்கக்கூடிய கூட்டம், உள்ளது. பதவியைப் பிடிப்பதில் காட்டும் ஆர்வத்தைப் பலர் இக்கூட்டத்திற்கு வருவதில் காட்டுவதில்லை. கவுன்சிலர் உண்மையில் கணக்குச் சொல்ல வேண்டிய இடமோ இதுதான்.

தேர்தலை நடத்துவதும் மாணவர்களே. வேட்புமனுவைச் சரிபார்ப்பது முதல் விடிய விடிய வாக்கு எண்ணுவது வரை மாணவர் தேர்தல் குழு பொறுப்பேற்க, இரவு உணவு வேளையில் விடுதி மெஸ்களில் வேட்பாளர்கள் பேசுகின்றனர். வாக்குப்பதிவை ஒட்டி வரும் ஓர் இரவில், தலைவர் பதவிக்கு நிற்போர் ஒரே மேடையில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, கூட்டத்தின் கேள்விகளுக்கும் பதில் சொல்கின்றனர்.

இவ்வழக்கங்களுக்கு மேல் வந்து அமர்ந்தது லிங்டோ குழுவின் விதித்தொகுப்பு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான அக்குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தியது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது என்பன அவற்றுள் சில. கையால் எழுதிய சுவரொட்டிகளுக்கே பேர்போன ஒரு வளாகத்திற்கு இவை சுமையல்ல. ஆனால் நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரே முறைதான் போட்டியிடலாம் என்ற விதி கடுமையானது. அவ்விதி அன்றே இருந்திருந்தால், சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி 1977–78 காலத்தில் மூன்று முறை தலைவராகியிருக்க முடியாது. கவுன்சிலர் போன்ற செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரு வாய்ப்புகள் உண்டு என்பதால், அனுபவம் சேரும்முன் சென்ட்ரல் பேனலுக்கு ஆசைப்பட்டு அந்த ஒற்றை வாய்ப்பை வீணாக்குவது புத்திசாலித்தனமன்று. வகுப்பு வருகை 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதையும் போராட்டக் களத்தில் நிற்போர் மறந்துவிடுவதுண்டு.

சங்கத்தின் அமைப்புச் சட்டம் லிங்டோ விதிகளோடு பொருந்தவில்லை என்ற காரணத்தால் 2008இல் தேர்தலுக்குத் தடை விதிக்கப்பட்டு, சில தளர்வுகளுடன் 2012 மார்ச்சில்தான் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது. 2019இல் வேறொரு சிக்கல் எழுந்தது: வென்ற சங்கத்தை நிர்வாகம் முறைப்படி அறிவிக்காமலே இருந்த நிலையில் விடுதிக் கட்டண உயர்வு வர, மாணவர்கள் அச்சங்கத்தின் பின்னேதான் திரண்டனர், இறுதியில் மத்திய அமைச்சகம் மூவர் குழுவை அமைத்து மாணவரோடு பேச வேண்டியதாயிற்று. நிர்வாகத்தின் அறிவிப்பு சங்கத்திற்கு வசதி தரும், வலிமையைத் தருவது பொதுக்குழுவே என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எனவே வேட்புமனு வாங்கும் முன் சங்கத்தின் அமைப்புச் சட்டம், லிங்டோ பரிந்துரை ஆகிய இரண்டையும் மகள் முழுமையாகப் படிப்பது அவசியம்; தன் ஸ்கூலின் பொதுக்குழுவில் அண்மையில் நிறைவேறிய தீர்மானங்களுள் எவை கிடப்பில் கிடக்கின்றன என்று விசாரித்து வைத்துக்கொண்டால், பிரச்சாரத்தில் பேசுவதற்குப் பொருள் தானே கிடைக்கும். முடிவு வெளியான இரண்டு வாரத்திற்குள் தணிக்கை செய்த செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டுமாதலால், சார்ட் தாளுக்கும் பெயின்ட்டுக்கும் ஆன பில்களை அன்றன்றே ஓர் உறையில் போட்டு வைப்பது நல்லது. தோற்றவரும் இக்கணக்கைக் காட்டியாக வேண்டும்.

ஆசிகளுடன்,
பெரியப்பா