எய்தபின் காணாமற்போன மான்

வேட்டைப் பிராணியைப் பற்றிய மஸ்அலாக்கள் நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே இடம் பெற்றுள்ளன. ஆயினும் நம் நாட்டில் இப்பாடத்தை ஓதுவோர் மான் வேட்டையில் அதன்படி அமல் செய்ய வழியில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் மான் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டன. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலோ நிலைமை வேறு. அங்கே உரிமம் பெற்றவர்கள், குறித்த பருவத்தில் வெள்ளைவால் மானை வேட்டையாடலாம். ஆகவே அங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடமன்று. அடுப்பில் ஏறவிருக்கும் இறைச்சி ஹலாலா, ஹராமா என்ற கேள்வியாகும்.

அந்தப் பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் இம்மாதம் பார்ப்போம். பிஸ்மில்லாஹ் சொல்லி அம்பு எய்தாயிற்று. மான் துள்ளிப் பாய்ந்து புதருக்குள் மறைந்துவிட்டது. அம்பு பட்டதா, படவில்லையா என்று தெரியவில்லை. எய்தவரின் கடமை என்ன?

தய்யி கோத்திரத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையில் பழகியவர்கள். கொடையாளி ஹாத்திம் தாயின் மைந்தர். இவ்விஷயத்தை நபி (ஸல்) அவர்களிடம் விளக்கமாகக் கேட்டறிந்து நமக்கு எட்டச் செய்தவர்கள் அன்னாரே. ஓரிரு நாட்களுக்குப் பின் பிராணி கிடைத்து, அதில் தம் அம்பின் காயத்தைத் தவிர வேறெதுவும் இல்லையானால் உண்ணலாம் என்றும், நீரில் மூழ்கிக் கிடந்தால் உண்ணலாகாது என்றும் நபியவர்கள் அறிவித்தார்கள். கொன்றது அம்பா, நீரா என்று தெரியாது என்பதே காரணம். மூன்று நாட்கள் கழித்துக் கிடைத்தாலும், நாற்றமெடுக்காதிருந்தால் உண்ணலாம் என்பது அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது.

இவற்றிலிருந்து இமாம்கள் எடுத்த சட்டத்தைக் கவனியுங்கள். ஹனபீ மத்ஹபின் ஹிதாயா நூலின்படி, அம்பு பட்டு மறைந்த பிராணியை விடாமல் தேடிச் சென்று அது இறந்து கிடக்கக் கண்டால் உண்ணலாம். தேடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்து, பின்னர் கண்டால் உண்ணலாகாது. பிராணி ஒன்றே, அம்பு ஒன்றே, காயமும் ஒன்றே; தேடலைக் கைவிட்டதால் சட்டம் மாறிவிடுகிறது! ஷாபியீ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில், காயப்பட்டு மறைந்தபின் இறந்து கிடைத்த பிராணி ஹராம் என்பதையே வலுவான சொல்லாக எழுதியுள்ளார்கள். ஆனால் ஹதீஸின் ஆதாரப்படி ஹலால் என்பதே சரியானது என அன்னாரே தம் பிற நூல்களில் விளக்கியிருக்கிறார்கள். எனவே ஷாபியீ மத்ஹபினர் தம் ஆலிமிடம் கேட்டு நடப்பது நன்று.

தேடல் இத்தனை முக்கியமென்றால், அதை முறையாகச் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். மான் ஓடிவிட்டது என்பதால் குறி தவறிவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. இதயத்தில் அம்பு பட்ட மானும் நூறு கஜத்துக்கு மேல் ஓடுவதுண்டு. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விடத்தில் அறுபட்ட ரோமமோ இரத்தத் துளியோ உண்டா என்று குனிந்து பார்க்க வேண்டும். அம்பு கிடைத்தால் அதுவே சாட்சி சொல்லும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலில் பட்டதைக் காட்டும். கருஞ்சிவப்பு ஈரலையும், துர்நாற்றத்தோடு கூடிய பச்சைக் கசடு இரைப்பை, குடலையும் காட்டும். இரத்தத் தடத்தின் மேல் நடக்காமல் அதன் ஓரமாகவே செல்ல வேண்டும். கடைசித் துளி கண்ட இடத்தில் ஒரு துணித் துண்டைக் கட்டி வைத்தால், தடம் தவறினாலும் அங்கிருந்து மீண்டும் தொடங்கலாம். தடம் பிறர் நிலத்துக்குள் சென்றால் உரியவரின் அனுமதி பெற்றே நுழைய வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் உடனே துரத்த வேண்டாம் என்பார்கள். துரத்தினால் காயப்பட்ட மான் வெகுதூரம் ஓடிக் கைக்கெட்டாமற் போய்விடும். அரைமணி நேரமாவது பொறுத்தால் அது அருகிலேயே படுத்துவிடும். குடலில் பட்டிருந்தால் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். இது தேடலைக் கைவிட்டதாகுமா? மானைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடு அவ்விடத்திலேயே காத்திருப்பது தேடலின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம். வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது அப்படியன்று. நீண்ட நேரம் காத்திருக்க நேருமாயின், ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுக. குடலில் பட்ட மான் மணிக்கணக்கில் துடிக்கும் என்பதையும் மறக்கலாகாது. கத்தியைத் தீட்டி, அறுக்கப்படும் பிராணிக்குச் சிரமமில்லாமல் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். குறி உறுதியில்லாத தூரத்திலிருந்து எய்யாதிருப்பதே அந்தக் கட்டளைக்கு ஏற்ற நடத்தையாகும்.

மான் உயிரோடு கிடைத்தால் உடனே அறுக்க வேண்டும். கையில் கத்தி இல்லாமலோ, கத்தி உறையில் சிக்கிக்கொண்டதாலோ அது இறந்துவிட்டால் ஹராம் என்கிறது மின்ஹாஜ். அது எய்தவரின் கவனக்குறைவாகும். எனவே கூரிய கத்தியின்றிக் காட்டுக்குள் செல்லக்கூடாது. இறந்து கிடைத்தால் அதை நன்கு புரட்டிப் பார்க்க வேண்டும். நீரில் மூழ்கியிருந்தாலோ, பாறையிலிருந்து உருண்டு விழுந்திருந்தாலோ, வேறு மிருகம் கடித்துக் கொன்றிருக்கக்கூடும் என்ற அடையாளம் இருந்தாலோ விட்டுவிட வேண்டும். இறைச்சி விஷயத்தில் ஐயம் வந்தால் விலகிக்கொள்வதே மார்க்கத்தின் வழி.

இதுவரை சொன்னவை கூரிய அம்பைப் பற்றியவை. துப்பாக்கிக் குண்டில் கருத்து வேறுபாடு உண்டு. குண்டு கூர்மையால் வெட்டாமல் வேகத்தால் கொல்கிறது என்பதால், உயிரோடு பிடித்து அறுத்தாலன்றி உண்ணலாகாது என்பது நம் நாட்டு ஹனபீ உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. அது உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்று இமாம் ஷவ்கானீ (மறைவு ஹிஜ்ரி 1250) போன்றோர் கூறினர். பேணுதலை விரும்புவோர் முதற் சொல்லையே பற்றுவார்கள். அவர்களுக்குத் தேடல் இன்னும் அவசரமானது. மான் உயிரோடு கிடைத்தால்தானே அறுக்க முடியும்!

எனவே அன்புச் சகோதரர்களே, வேட்டை இறைச்சியை யாரேனும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், பிஸ்மில்லாஹ் சொன்னீர்களா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்படிக் கிடைத்தது, எவ்வளவு நேரம் தேடினீர்கள், உயிரிருந்ததா என்றும் கனிவோடு கேளுங்கள். எய்பவர், பிஸ்மில்லாஹ் சொல்லி நாணை விடும்போதே அந்த மானைத் தேடும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறார். முழுமையாகத் தேடியும் கிடைக்காவிட்டால் அவர் மீது பழியில்லை. தேடாமல் திரும்பியவர் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஹலாலான உணவை உண்ணவும், வாயில்லா ஜீவன்களிடத்தில் இரக்கம் காட்டவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.