தெரிவுப் பரீட்சையும் நம் சிறார்களும்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'ஓ.சீ.', 'செலெக்டிவ்' என்னும் சொற்கள் ஒலிக்காத தமிழ் இல்லம் இன்று அரிது. திறன்மிக்க மாணவருக்கென அரசு நடத்தும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு ஓ.சீ. வகுப்புகளுக்கான பரீட்சையை நான்காம் ஆண்டிலும், செலெக்டிவ் உயர்நிலைப் பாடசாலைகளுக்கான பரீட்சையை ஆறாம் ஆண்டிலும் பிள்ளைகள் எழுதுகின்றனர். வாசிப்பு, கணிதத் தர்க்கம், சிந்தனைத் திறன் ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொதுவானவை. செலெக்டிவ் பரீட்சையில் எழுத்தாக்கமும் உண்டு. 2025ஆம் ஆண்டு முதல் இவை கணினியில் நடத்தப்படுகின்றன.

தாயகத்தில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பரபரப்பை அறிந்த நம்மவர் பலர், அதே பரபரப்பை இங்கும் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிடுகின்றோம். எட்டு வயதுப் பிள்ளை சனிக்கிழமை ரியூசனுக்கும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி வினாத்தாளுக்கும் ஓடுகின்றது. இடையில் நின்றுபோவது பெரும்பாலும் தமிழ் வகுப்பே. இவ்விழப்புத் தேவைதானா?

சிந்தனைத் திறன் வினாக்களுக்கு மனனம் உதவாது. ஓர் எடுத்துக்காட்டைத் தமிழிலேயே காண்போம். "மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கின்றது. ஆகவே மழை பெய்திருக்கின்றது" என்கிறான் ஒருவன். அவன் முடிவு சரியன்று. அம்மம்மா பூஞ்செடிகளுக்கு நீர் ஊற்றியிருக்கலாம் அல்லவா? "முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை" என்றால் அம்முடிவு பொருந்தும். இவ்வேறுபாட்டைத் தமிழில் பேசிப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, ஆங்கில வினாத்தாளில் அதுவே வேறு உருவில் வரும்போது திகைப்பு ஏற்படாது.

பெற்றோர் செய்யத்தக்கவை சில:

1. நாள்தோறும் அரைமணி நேரமேனும் பிள்ளை விரும்பும் நூலை வாசிக்கச் செய்க. வாசித்தபின் "அவன் ஏன் அவ்வாறு செய்தான்?" என வினவுக.

2. கடையில் விலைகளை ஒப்பிடவும், பயணத்தில் நேரத்தைக் கணக்கிடவும் பிள்ளையையே விடுக.

3. கல்வித் திணைக்களம் இலவசமாக வெளியிடும் மாதிரிப் பரீட்சைகளை நேரம் குறித்துச் செய்விக்க. மதிப்பெண்ணைக் காட்டிலும் தவறிய வினாவுக்கான காரணத்தை ஆராய்க.

4. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆதலால் எவ்வினாவையும் விடையின்றி விடலாகாது எனப் பழக்குக.

5. பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தை மூடிவைத்து, பிள்ளையை நேரத்தோடு உறங்கச் செய்க.

இடங்கள் அளவானவை, விண்ணப்பிப்போர் மிகப் பலர். இடம் கிடையாத பிள்ளை திறனற்ற பிள்ளையன்று. முடிவு வரும் நாளில் பிள்ளை முதலில் பார்ப்பது கணினித் திரையை அன்று, தாய் தந்தையரின் முகத்தையே. அம்முகம் வாடாதிருத்தல் வேண்டும்.

தெரிவுப் பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். எட்டு வயதில் கைவிட்ட மொழியை மீளப்பெறப் பல ஆண்டுகள் செல்லும். எச்.எஸ்.சி. பரீட்சையிலும் தமிழ் ஒரு பாடமாக உள்ளதை நினைவிற் கொள்வோம். பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் ஆண்டிலும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புமாறு பெற்றோரை அன்புடன் வேண்டுகின்றோம்.