உலைகள் பலவிதம்



"உலைகளின் வகைகளை விவரி" என்பது மெக்கானிக்கல் பிரிவுக்கு அடிக்கடி வரும் கேள்வி. படம் போட்டு பாகங்களைக் குறித்தால் மார்க் கிடைத்துவிடும். எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் நெருக்கம். என் அப்பா இருபது வருஷமாக ஒரு பித்தளை வார்ப்புப் பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்பவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் உலைப்படம் எதைப் பார்த்தாலும், இதற்கு முன்னால் ஆள் எங்கே நிற்பார் என்றுதான் முதலில் தேடுவேன். படத்தில் ஆள் இருக்கவே மாட்டார்.

எங்கள் ஊர் தாராசுரம். ஒரு பக்கம் சைக்கிள் மிதித்தால் சுவாமிமலை. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி விக்கிரகம் வார்ப்பார்கள். கும்பகோணம் தாண்டி மறுபக்கம் போனால் குத்துவிளக்குக்குப் பேர் போன நாச்சியார்கோவில். இந்தத் தொழிலில் வழி வழியாக வருவது குழி உலை. தரையில் குழி, உள்சுவரில் தீக்கல், நடுவில் மூசை, சுற்றிலும் கரி அல்லது கோக், அடியிலிருந்து காற்று. அந்தக் காலத்தில் துருத்தி, இப்போது புளோயர். எரிபொருளும் உலோகமும் ஒன்றையொன்று தொடாது என்பதுதான் இதன் பெரிய லாபம். இன்றைக்கு விக்கிரகத்துக்கு ஒரு கலவை, நாளைக்கு மணிக்கு வேறு கலவை என்று மூசைக்கு மூசை மாற்றிக்கொள்ளலாம். நஷ்டம், சூட்டில் பெரும்பகுதி குழியின் வாய் வழியாகவே போய்விடும். மூசையைக் குறடால் தூக்கும் ஆளின் முகமும் அந்த வாய்க்கு மேலேதான் இருக்கும்.

இங்கேதான் பித்தளை சமாச்சாரம் வருகிறது. செம்பு உருகுவது 1085 டிகிரி சென்டிகிரேடில். துத்தநாகம் 419லேயே உருகி, 907ல் கொதித்து ஆவியாகிவிடும். இரண்டும் சேர்ந்த பித்தளையோ கலவைக்குத் தக்கபடி 900 முதல் 950 வாக்கில்தான் உருகுகிறது. ஊற்றுவதற்கு இன்னும் சூடு வேண்டும். அதாவது பித்தளை ஊற்றத் தயாராகும்போது அதிலுள்ள துத்தநாகம் ஓடிப்போகத் தயாராகிவிடும். வாயில் தெரியும் வெள்ளைப் புகை அதுதான், துத்தநாக ஆக்சைடு.

அப்பாவுக்கு வார்ப்பு நாட்களில் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரும். "சூடு ஏறிடுச்சுடா, காலைல சரியாயிடும்" என்பார். அம்மா கசாயம் வைப்பார்கள். காலையில் சரியாகவும் ஆகிவிடும். பண்டிகை லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் ரொம்ப மோசம். இதற்கு மருத்துவத்தில் உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். புகை பட்டுச் சில மணி நேரம் கழித்து வரும், ஓரிரு நாளில் போகும். தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். இரண்டு நாள் இடைவெளி விட்டால் பழக்கம் போய்விடும். மேல்நாட்டில் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொல்வார்களாம். காரணம் சூடு இல்லை, புகை. முகத்தில் கட்டும் துண்டு இவ்வளவு நுண்ணிய தூளைத் தடுக்காது.

மற்ற உலைகளையும் பார்த்துவிடுவோம். குபோலா என்பது நெட்டுக்குத்தான உருளை. கோக், இரும்பு, சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காகப் போட்டுக் காற்றடிக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு நல்லது. பித்தளையை அதில் போட்டால் துத்தநாகம் காற்றோடு போய்விடும். கோவையில் பம்ப் உறைகள் வார்க்கும் பவுண்டரிகள் பலவும் குபோலாவிலிருந்து இண்டக்‌ஷன் உலைக்கு மாறிவிட்டன. அதில் செம்புக் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய, உலோகத்துக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி அது தானே சூடேறும். கரிப்புகை கிடையாது. ஆனால் மின்சாரம் என்பதற்காக 907 மாறாது. பித்தளை அதிலும் புகையும்.

கண்ணாடி உலை தனி ரகம். மணல் மட்டும் உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். சோடா சேர்த்தால் அது குறையும். அப்படியும் பெரிய தொட்டி உலைகள் 1500க்கு மேல்தான் ஓடுகின்றன. ஒருமுறை பற்ற வைத்தால் பத்து வருஷத்துக்கு மேல் இரவு பகல் அணைக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2000த்தில் தொடங்கிய தட்டைக் கண்ணாடி ஆலை இந்த வகைதான். வெளியே போகும் புகையின் சூட்டைச் செங்கல் அடுக்கில் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் முறைக்கு பிரெடரிக் சீமன்ஸ் 1856ல் காப்புரிமை வாங்கினார். நம் குழி உலை வீணாக்கும் சூட்டை நினைத்தால் வயிறு எரிகிறது.

வளையலுக்குப் பேர் போன பிரோசாபாத்தில் நிலக்கரி எரித்த கண்ணாடி உலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறியதற்குக் காரணம் தாஜ்மகால் வழக்கு. நிலக்கரியை விடுங்கள், இல்லையேல் இடம் மாறுங்கள் என்று அந்த வட்டார ஆலைகளுக்கு உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 30ல் சொன்னது. பளிங்கு மஞ்சளாவது எல்லார் கண்ணிலும் பட்டது. உலை முன் நிற்பவரின் நெஞ்சு அப்படிப் படுவதில்லை.

பித்தளை உருக்கும்போது அந்தக் கண்ணாடியே உதவிக்கு வரும். முதலில் செம்பை உருக்கிவிட்டு, துத்தநாகத்தைக் கடைசியில் குறடால் அடியில் அமுக்க வேண்டும். மேலே உடைந்த கண்ணாடித் தூளோ கரித்தூளோ தூவினால் மூடி மாதிரி படர்ந்து புகையைக் குறைக்கும். அடுத்தது புகை உறிஞ்சி. இதைத் தலைக்கு மேல் குடை மாதிரி வைத்தால், புகை மூக்கைக் கடந்துதான் அங்கே போகும். குழியின் விளிம்பிலேயே, ஆள் நிற்காத பக்கம் வைக்க வேண்டும். தகரக் குழாய், ஒரு காற்றாடி, கொஞ்சம் வெல்டிங். நம் ஒர்க்‌ஷாப்பில் செய்யக்கூடிய ஷீட் மெட்டல் வேலைதான். படம் போட்டு வைத்திருக்கிறேன். மோட்டார் எத்தனை எச்.பி. வேண்டும் என்று எலக்ட்ரிகல் நண்பர்கள் யாராவது கணக்குப் போட்டுத் தந்தால், பொங்கல் லீவு முடிந்து பட்டறை திறப்பதற்குள் மாட்டிவிடலாம்.