சுவரில் மாட்டும் படம்

உங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். தாத்தா படமோ பாட்டி படமோ இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த படம். இன்றைக்கும் முகம் தெளிவாக இருக்கிறது.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறோம். போனில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. அதையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் முகம் மங்கிவிடுகிறது. ஏன் அப்படி?

புள்ளிக் கோலம் போடுகிறோம் அல்லவா? போன் படமும் புள்ளிகளால் ஆனதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் முகம் தெரியும். குறைந்த புள்ளிகளை வைத்துக்கொண்டு பெரிய படம் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும். அப்போது முகம் தெரியாது. கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

பிலிம் இல்லாத முதல் காமிராவை 1975இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவ் சாசன் என்ற பொறியாளர் செய்தார். அதில் ஒரு படத்துக்கு 10,000 புள்ளிகள்தான். இன்று நம் போனில் 12 மெகாபிக்சல் என்று சொல்கிறார்களே, அது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். நீளத்தில் 4000, அகலத்தில் 3000. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். சுவரில் மாட்டும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி இருந்தால் நன்றாக இருக்கும். 300 இருந்தால் மிக நன்று. 4000ஐ 200ஆல் வகுத்தால் 20. 3000ஐ 200ஆல் வகுத்தால் 15. ஆகவே 20 அங்குலத்துக்கு 15 அங்குலம் வரை தைரியமாகப் பெரிதாக்கலாம். தெருமுனையில் கட்டும் பேனருக்கு இவ்வளவு புள்ளி தேவையில்லை. அதைத் தூரத்தில் நின்றுதானே பார்க்கிறோம்.

எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அக்காவின் கணவர் காலமாகிவிட்டார். பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும். நல்ல படம் ஒன்று கோயம்புத்தூரில் இருக்கும் மகன் போனில் இருந்தது. மகன் அதை வாட்ஸப்பில் அனுப்பினான். அக்கா அதை ஸ்டுடியோவில் கொடுத்தார். வந்த படத்தில் கண் எது, புருவம் எது என்று தெரியவில்லை. அக்கா அழுதுவிட்டார். ஸ்டுடியோக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தார்.

தப்பு ஸ்டுடியோவில் இல்லை. வாட்ஸப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று புள்ளிகளைக் குறைத்துவிடும். 4000 இருந்த இடத்தில் சுமார் 1600தான் மிஞ்சும். 1600ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள். 8 அங்குலம்தான். அக்கா கேட்டது 18 அங்குலப் படம். எச்.டி. என்று 2023இல் ஒரு வசதி வந்தது. அது பரவாயில்லை, ஆனாலும் முழுப் படம் வராது.

முழுப் படம் வர ஒரு வழி உண்டு. படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்ற இடத்தைத் தொட்டு அந்த வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே குறையாமல் வரும். அல்லது படம் எடுத்த போனையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோங்கள். அந்த அக்காவின் மகனும் பிறகு அப்படித்தான் அனுப்பினான். இப்போது படம் நன்றாக இருக்கிறது.

அனுப்பிய படத்தில் எத்தனை புள்ளி என்று நீங்களே பார்க்கலாம். போனில் படத்தைத் திறந்து மேலே தள்ளுங்கள், அல்லது மூன்று புள்ளி அடையாளத்தைத் தொடுங்கள். விவரம் வரும். அதில் 4000, 3000 என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும். போனுக்குப் போன் இடம் மாறும். எண் படிக்கத் தெரிந்தால் போதும், யாரிடமும் கேட்க வேண்டாம்.

கல்யாண வீட்டில் ஐம்பது பேரோடு நிற்கும் படத்தில் அப்பாவை மட்டும் வெட்டி எடுப்பார்கள். படம் முழுவதற்கும் 4000 புள்ளி இருக்கலாம். அப்பா நிற்கும் இடத்துக்கு 600தான் இருக்கும். 600ஐ 200ஆல் வகுத்தால் 3 அங்குலம். ஆதார் அட்டைப் படத்தின் கதையும் இதுதான். இப்போது கணினி இல்லாத புள்ளிகளைத் தானே சேர்த்து முகத்தைப் பளபளப்பாக்கித் தருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கணினி ஊகித்து வரைந்தது. மூக்கு மாறும், கண் மாறும். எனக்கு அது பிடிப்பதில்லை. மங்கலாக இருந்தாலும் அப்பா அப்பாவாக இருக்க வேண்டும்.

அதனால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஆளுக்கு ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கள். சாவுக்கு எடுக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே மாட்டிப் பார்க்கலாமே! லயத்து வீட்டுக்குள் மங்கிய விளக்கில் எடுத்தால் படம் மணல் தூவியது போல் வரும். பகலில் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழலில் நிற்கட்டும். போனின் கண்ணாடிக் கண்ணை மெல்லிய துணியால் துடையுங்கள். விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள், பக்கத்தில் போய் எடுங்கள். தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் சட்டத்தின் அளவுக்கு வெட்டும்போது தலைமுடி போய்விடும்.

எடுத்த படத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்தது. 70 பேரை இழந்தோம். வீடுகள் மண்ணுக்குள் போயின. வீட்டில் இருந்த படங்களும் போயின. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடமும் முழுப் படம் இருக்கட்டும். பழைய காகிதப் படங்களையும் சட்டத்திலிருந்து கழற்றி, நிழலில் வைத்து, போனை நேராகப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள்.

சட்டம் போடும்போது ஒன்று சொல்லுங்கள். நம் மலைப்பக்கம் ஈரம் அதிகம். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். மழைக்கு ஓதம் ஏறும் சுவரில் மாட்ட வேண்டாம். மறையூர்க்காரர்களுக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கும் இந்தக் கவலை குறைவு.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு படத்தில் நீளத்தில் 2400 புள்ளி, அகலத்தில் 1800 புள்ளி. அங்குலத்துக்கு 200 புள்ளி வேண்டும். எத்தனை அங்குலப் படம் போடலாம்? கணக்கை நோட்டில் எழுதிப் பாருங்கள். பிறகு உங்கள் போனில் இருக்கும் அம்மா படத்தைத் திறந்து, அதன் எண்களையும் பக்கத்தில் எழுதுங்கள்.