மூளைக்கு லேகியமா? முதலில் மரக்கட்டை கொடுங்க!

"ஏனுங்க டாக்டர், பையனுக்கு மூளை நல்லா வளர ஏதாச்சும் லேகியம் கொடுங்க" என்று ஆர்.எஸ்.புரத்துத் தாய்மார்கள் கேட்பதுண்டு. வல்லாரை லேகியம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் நான் முதலில் கேட்பது, "வீட்டுல அடுக்கி விளையாட மரக்கட்டை இருக்குதுங்களா?" என்பதுதான். பெரும்பாலும் செல்போன்தான் இருக்கிறது!

கட்டை என்ன செய்கிறது?

எது மேலே, எது கீழே, எதற்குள் எது அடங்கும், திருப்பி வைத்தால் எப்படித் தெரியும் என்று அறிவதே இட அறிவு. செல்போன் திரை தட்டை. கட்டைக்கோ கனம், விளிம்பு, பின்புறம் எல்லாம் உண்டு. சின்னதன்மேல் பெரியதை வைத்தால் சரிகிறது. அடுத்த முறை பிள்ளை பெரியதை அடியில் வைக்கிறது. கண்ணும் கையும் மூளையும் சேர்ந்து படிக்கும் பாடம் இது. இட அறிவு நன்றாக உள்ள பிள்ளைகள் கணக்கிலும் தேறுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. நம் கோவை ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்பவர், தாளில் உள்ள படத்தை மனதில் முழு உருவமாகப் பார்ப்பதும் இதே அறிவால்தான்.

நமக்குப் புதிதல்ல

மணல்வீடு கட்டும் 'சிற்றில்' விளையாட்டு, பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இடம்பெற்றது. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் கோபுர விளையாட்டில் 10 கட்டைகள். சிறியது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ.

எந்த வயதில் எவ்வளவு?

சுமாராக, 15 மாதத்தில் 2 கட்டை, ஒன்றரை வயதில் 3, இரண்டு வயதில் 6, மூன்று வயதில் 9 அடுக்கும், பாலமும் கட்டும். கொஞ்சம் முன்பின் இருந்தால் பயம் வேண்டாம். இரண்டு வயதாகியும் இரண்டைக்கூட அடுக்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* விலை உயர்ந்த செட் தேவையில்லை. தச்சரிடம் மிச்சத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

* பெயின்ட் வேண்டாம். சில பெயின்ட்டில் ஈயம் இருக்கும். பிள்ளை வாயில் வைக்கும்.

* மூன்று வயதுக்குள் வாய்க்குள் போகும் அளவுத் துண்டு கூடாது. தொண்டையில் அடைக்கும்.

* பக்கத்தில் உட்கார்ந்து, "மேலே வை, நடுவுல வை, பின்னாடி பாரு" என்று பேசுங்கள். இடத்தைக் குறிக்கும் சொற்கள் அப்படித்தான் படியும்.

* விழுந்தால் நீங்கள் அடுக்கித் தராதீர்கள். மறுபடி அடுக்குவதில்தான் மூளைக்கு வேலை!