காணாமல் போன திருவாசி

நாலைந்து வயதுப் பிள்ளையை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் பத்தே நிமிடத்தில் "போலாம்மா" என்று கையைப் பிடித்து இழுக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை உற்றுப் பார்க்க அதற்கு ஒரு காரணம் வேண்டும். துப்புத் துலக்கும் விளையாட்டாகவே கண்காட்சி அமைக்கும் அருங்காட்சியகங்கள் உலகில் உண்டு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அசல் மர்மமே இருக்கிறது.

முதலில் வீட்டுப் பக்கத்திலேயே ஓர் ஒத்திகை. கடலூரில் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி என்று ஊர் இருக்கிறது. ஏன் 'குண்டு'? பதிலைச் சொல்லாமல் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு பந்தைக் கொடுங்கள். நாலு பக்கமும் எறியச் சொல்லி, விழுந்த இடங்களைக் குச்சியால் கோடிழுத்து இணையுங்கள். பிறகு கதை: 1690இல் இங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. அதுதான் புனித டேவிட் கோட்டை. அந்தக் குண்டுதான் ஊர்ப் பெயரிலும் ஒட்டிக்கொண்டது என்பார்கள். தடயத்திலிருந்து கதைக்குப் போகும் வழி இப்படித்தான் பிள்ளைக்குப் பிடிபடும்.

அடுத்தது நோட்டு. காலண்டரிலோ பூஜை அறையிலோ திருவாசியோடு உள்ள நடராஜர் படம் ஒன்றைப் பாருங்கள். உடுக்கை, கையில் தீ, காலடியில் முயலகன், இருபுறமும் பறக்கும் சடை, சுற்றிலும் நெருப்பு வட்டமான திருவாசி. இந்த ஐந்தையும் பிள்ளையே தன் கையால் வரையட்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. எந்தெந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று முன்பே விசாரித்துவிடுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறினால் எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து பாந்தியன் சாலை பக்கம்தான். வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, கழிப்பறைக்கும் கூட்டிப்போய்விட்டு உள்ளே நுழையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். அங்கே நடராஜர்கள் பலர். நாம் தேடுவது திருவாலங்காட்டு நடராஜர், சோழர் காலத்தவர். பெயர்ப் பலகையை நீங்கள் படித்து உறுதி செய்துகொண்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குந்துங்கள். நின்று பார்க்கும் நமக்கு முகம்தான் முதலில் கண்ணில் படும். அதற்கோ காலடியில் கிடக்கும் முயலகன். நோட்டைக் கையில் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல எதெல்லாம் காணோம்?"

இந்த இடத்தில் அவசரம் கூடாது. உடுக்கையைத் தேடும், முயலகனை விரலால் காட்டும், மறுபடி நோட்டைப் பார்க்கும். என் மகள் இரண்டு முறை சுற்றி வந்த பிறகுதான் கத்தினாள்: "வட்டம் இல்ல! முடியும் இல்ல!" உண்மைதான். இந்தச் சிலையில் திருவாசியும் இல்லை, பறக்கும் சடையும் இல்லை.

எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். "அலை தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள். கடலோரப் பிள்ளை வேறென்ன சொல்வாள்? தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "அப்போ இவரை மட்டும் ஏன்டா விட்டுட்டுப் போச்சு?" என்று கேளுங்கள். பீடத்தின் இரு ஓரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். திருவாசியைத் தனியாக வார்த்துப் பொருத்துவதும் உண்டு, மண்ணுக்கடியில் புதைந்து கிடந்து பின்னால் கிடைத்த சிலைகள் ஏராளம் என்ற இரண்டு செய்திகளை மட்டும் கொடுங்கள். மிச்சத்தை அதுவே யோசிக்கும். தொடக்கூடாது என்பதையும் துப்பறிவாளர் விதியாகவே சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

களைத்துப்போனால் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். மற்றக் கூடங்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டில் அடுத்த பக்கத்தை இன்னொரு மர்மத்துக்காகக் காலியாக வைத்திருங்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை கிடக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் கடலூர் மணற்பாறை. அடிமரம் இருக்கிறது, வேரையும் கிளையையும் காணோம். வெட்டவெளி என்பதால் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.