தூண்டில் நரம்பின் வலிமை

சூதில் பெறும் வெற்றியைத் திருவள்ளுவர் மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். அவ்வுவமையில் மீனும் உண்டு; இரும்பும் உண்டு; அவ்விரண்டையும் பிடிப்போன் கையோடு பிணைக்கும் நரம்பைப் பற்றிய பேச்சு இல்லை. தூண்டிற் கலையிலோ நரம்பே தலையாயது. இரை எத்துணை அழகியதாயினும், கோல் எத்துணை விலையுயர்ந்ததாயினும், நரம்பு அறுமாயின் அனைத்தும் வீணாம். விடுமுறை நாட்களில் கழிக்கரையில் கோலேந்தி நிற்கும் மாணவர் சிலர் நம்மிடை உளராதலின், மெல்லிய கோல்கொண்டு ஐந்து முதல் பத்துக் கிராம் எடையுள்ள போலியிரைகளை எறிந்து மீன்பிடிக்கும் முறைக்கு எத்தகைய நரம்பு தக்கது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வலிமை மிகுந்த நரம்பே சிறந்த நரம்பு என்பது பலர் கருத்து. யாம் கூறுவது அதனின் வேறு. கைக்கும் இரைக்கும் இடையேயுள்ள தொடரில் எப்பகுதி முதலில் அறும் என்பதைப் பிடிப்போன் முன்னரே அறிந்து வரையறுத்துக் கொள்ளுதலே நரம்புத் தேர்வின் சாரமாகும்.

நரம்பின் இனங்கள்

முற்காலத்தே மேனாட்டார் குதிரைவால் மயிரை முறுக்கித் தூண்டிற் கயிறாகப் பயன்படுத்தினர். பின்னர்ப் பட்டு நூலும் லினன் நூலும் வந்தன. இரையை ஒட்டிய முன்பகுதிக்கு, பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்து நீட்டிய நரம்பைக் கட்டினர். 1938ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டுபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. அதன்பின் இப்பழைய பொருள்கள் படிப்படியாக வழக்கொழிந்தன.

இன்று கடைகளில் கிடைப்பன மூன்று இனம். முதலாவது ஒற்றையிழை நைலான். நம் கடற்கரையார் தங்கூசி என்பது இதுவே. இது மென்மையும் நெகிழ்ச்சியும் உடையது. அறுமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீளவல்லது. ஆயின் நீரை உறிஞ்சி வலிமையில் சிறிது குன்றும். வெயிலில் கிடப்பின் நாளடைவில் நைந்துபோம். இரண்டாவது புளோரோகார்பன். இது நீரை உறிஞ்சாது. நைலானினும் கனமுடையதாதலின் நீரில் அமிழும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, புளோரோகார்பனுக்கு 1.42; நைலானுக்கு 1.53. நீரின் எண்ணுக்கு நைலானினும் நெருங்கியிருத்தலின் இது மீனின் கண்ணுக்குச் சற்றே மறைவாம். மூன்றாவது, நுண்ணிய பாலிஎதிலீன் இழைகள் பலவற்றைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பு. இது பருமனில் மிகச் சிறியது. வலிமையில் மிகப் பெரியது. நீட்சியோ ஏறக்குறைய இல்லை எனலாம். நீரில் மிதக்கும் இயல்பும் உடையது.

வலிமையின் கணக்கு

ஒரே பொருளாலான நரம்பின் வலிமை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.20 மி.மீ. நரம்பினும் 0.40 மி.மீ. நரம்பு நான்கு மடங்கு வலியது. ஆயின் எறியுங்கால் காற்றும், இழுக்குங்கால் நீரும் பருமனுக்கேற்பத் தடை செய்யும். ஐந்து கிராம் இரை தன் பின்னே பருத்த நரம்பை இழுத்துச் செல்ல மாட்டாது, பாதிவழியிலேயே விழும். பத்து இராத்தல் தாங்கும் நைலான் ஏறக்குறைய 0.28 மி.மீ. பருமனுடையது, அதே வலிமையுள்ள பின்னல் நரம்பு அதில் பாதியளவே. மெல்லிய தூண்டிலுக்குப் பின்னல் நரம்பைப் பலரும் விரும்புதற்குக் காரணம் இதுவே.

இரண்டு கிலோ மீனுக்கு இரண்டு கிலோ தாங்கும் நரம்பு வேண்டும் எனக் கணக்கிடுதல் பொருந்தாது. நீரினுள் மீனின் எடை ஏறக்குறைய முழுதும் நீராலேயே தாங்கப்படுகின்றது. நரம்பை அறுப்பன வேறு மூன்று: திடீரென நேரும் வெட்டு, கூரிய பொருளின் உராய்வு, முடிச்சின் குறை. வெட்டின் வேகத்தை நைலானின் நீட்சி ஓரளவு ஏற்கும். நீட்சியில்லாப் பின்னல் நரம்பைக் கொள்வோர், அவ்வேகத்தைக் கோலின் வளைவும் ரீலில் உள்ள டிராக் என்னும் தடையுமே ஏற்குமாறு அமைத்தல் வேண்டும். எஞ்சிய இரண்டிற்கும் விடை முன்னரம்பிலும் முடிச்சிலும் உள்ளது.

முன்னரம்பு

ஆங்கிலத்தில் லீடர் எனப்படும் முன்னரம்பு, பின்னல் நரம்பின் நுனியில் முடிந்து இரையைத் தாங்கும் ஒரு முழ அல்லது இருமுழ நீளத் துண்டாகும். இதன் வலிமையைத் தேர்தற்கு நம் கழிமுகங்களில் வாழும் கொடுவாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கொடுவாவின் வாய், அரம் போன்ற நுண்பற்கள் நிறைந்தது. செவுள் மூடியின் விளிம்போ கத்தி போன்றது. அது வாழுமிடமும் கண்டல் வேர்களும் ஆளிச்சிப்பி ஒட்டிய கற்களும் செறிந்தது. 0.14 மி.மீ. பின்னல் நரம்பில் 0.05 மி.மீ. ஆழக் கீறல் விழுமாயின் பருமனில் மூன்றிலொரு பங்கு போயிற்று. 0.40 மி.மீ. புளோரோகார்பனில் அதே கீறல் எட்டிலொரு பங்கே. ஆதலின் பத்து இராத்தல் பின்னல் நரம்புக்கு முன்னே இருபது இராத்தல் முன்னரம்பு கட்டுதல் முரணன்று. ஈண்டு முன்னரம்பின் பணி இழுவையைத் தாங்குதல் மாத்திரமன்று. உராய்வைத் தாங்குதலே முதன்மையாம்.

இதனினும் பருமனாக்கலாகாதோ எனின், ஆகாது. விறைத்த முன்னரம்பு சிறிய இரையின் அசைவைக் கெடுக்கும். அசையாத இரையை மீன் தீண்டாது. இருபது இராத்தலிலும் இக்குறை தோன்றின், இரையை இறுக்கி முடியாமல் சிறு கண்ணி விட்டு முடிதல் நன்று.

கல்லும் வேரும் இல்லாத திறந்த நீரில் சிறு பாரைகளை நாடுவோர்க்குக் கணக்கு மாறும். அங்கே ஆறு அல்லது எட்டு இராத்தல் முன்னரம்பே போதும். அது பின்னல் நரம்பினும் மெலியதாயிருத்தல் ஒரு நன்மை. இரை எங்கேனும் சிக்கி அறுக்க நேரின், இரை முடியப்பட்ட இடத்திலேயே அறும். நீண்ட நரம்பு நீரில் தங்காது. சீலா மீன் மிகுந்த இடத்தில் எப்பருமனுள்ள புளோரோகார்பனும் அதன் பல்லுக்கு நில்லாது. மெல்லிய எஃகுக் கம்பித் துண்டே வேண்டும்.

முடிச்சும் தடையும்

சுருளின் சீட்டில் அச்சிட்ட இராத்தல் முடிச்சிடாத நரம்புக்கு உரியது. முடிச்சிட்டவுடன் வலிமை குறையும். பின்னல் நரம்பு வழுக்கும் இயல்பினதாதலின் தகாத முடிச்சு உருவியும் போம். பின்னலையும் முன்னரம்பையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு அல்லது இரட்டை யூனி முடிச்சு ஏற்றது. எவ்வகை முடிச்சாயினும் இறுக்குமுன் நனைத்தல் வேண்டும்; உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடேறி மெலியும்.

ஐயமுற்றோர் சோதித்தறிக. பௌதிக ஆய்வுச் சாலையில் உள்ள சுருள்வில் தராசில் முடிச்சிட்ட நரம்பை மாட்டி, அறுமளவும் மெல்ல இழுத்து, எண்ணைக் குறித்துக் கொள்க. மும்முறை இவ்வாறு செய்து, கிடைத்தவற்றுள் சிறிய எண்ணையே அத்தொடரின் உண்மை வலிமையாகக் கொள்க. சீட்டில் பத்து இராத்தல் என்றிருப்பினும் சோதனையில் எட்டு எனின், நமக்கு எட்டே கணக்கு.

அவ்வெட்டில் நான்கிலொரு பங்கு, அதாவது இரண்டு இராத்தல் (ஏறக்குறைய 900 கிராம்) இழுத்தவுடன் ரீல் நரம்பை விடுமாறு தடையை அமைத்தல் வேண்டும். நரம்பைக் கோலின் வளையங்களூடே செலுத்தி, கோல் வளைந்த நிலையில் அதே தராசால் இதனை அளக்கலாம். எஞ்சிய முக்காற் பங்கு வீணோ எனின், அன்று. மீன் ஓட ஓடச் சுருளின் விட்டம் சிறுத்து இழுவை ஏறும். விட்டம் பாதியாயின் இழுவை இரு மடங்காம். நீரில் நீண்டு கிடக்கும் நரம்பின் தடையும் அதனோடு சேரும். இவற்றை ஏற்பதற்கே அம்முக்காற் பங்கு.

கடமை

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனச் சிலர் வினவலாம். அறுந்த நரம்போடு செல்லும் மீன் தப்பிய மீனன்று. வாயில் முள்ளும் பின்னே தொங்கும் நரம்புமாகச் சென்று வேரில் சிக்கி மடிதலும் உண்டு. கொடுவா இளமையில் ஆணாயிருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம். ஆகவே மெல்லிய நரம்பை அறுத்துச் செல்லும் பெருமீன் பெரும்பாலும் முட்டையிடும் தாயாகும். அதனை இழத்தல் பிடிப்போன் ஒருவனுக்கு மட்டும் நட்டமன்று. அக்கழியில் வலைவீசிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் நட்டமாம். நீரில் விடப்பட்ட நைலானோ எளிதில் மட்காது. கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் சிறகிலும் சுற்றி அவற்றைக் கொல்லும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கன இவை. முதலில் மீனையும் இடத்தையும் அறிந்து முன்னரம்பைத் தேர்க. பின்னர் இரையின் எடைக்கேற்பப் பின்னல் நரம்பைத் தேர்க. முடிச்சிட்டுச் சோதித்து உண்மை வலிமையை அறிந்து, அதில் கால்பங்குக்குத் தடையை அமைக்க. ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் முன்னரம்பை விரலால் தடவி, சொரசொரப்புத் தோன்றும் பகுதியை வெட்டி நீக்கிப் புதிதாக முடிக. வெட்டிய துண்டைக் கரையில் எறியாது பையில் இட்டு வீடு கொணர்க. இவற்றைக் கடைப்பிடிப்போன் பிடிக்கும் மீன் சிலவேயாயினும், அவன் வினையால் வீணே மடியும் உயிர் மிகச் சிலவாம்.